நடுப்புள்ளி இல்லாத விட்டம்

மார்ச் 4, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் இன்று காலை மாற்றியாயிற்று. பழையது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. அவர் பொழுதுக்கும் வெந்நீர் கேட்பதைக் குறைத்ததால் இருக்கலாம். கணக்குப் புத்தகத்தின் முன்பக்கம் வீட்டுக்கு, பின்பக்கம் எனக்கு என்று வைத்திருந்தும் பழக்கத்தில் அதைப் பின்பக்கத்திலும் எழுதிவிட்டேன். போகட்டும்.

மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு சின்னவளின் புத்தகத்தை எடுத்தேன். கல்லூரியில் கணக்கு படித்தபோது கோடு போட்டுக் கோடு போட்டுக் கிழித்த தடிப் புத்தகம். வேலைக்குப் போகும்போது இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். நல்ல வேளை, தமிழில் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. ஆகட்டுமே, அவசரம் யாருக்கு?

விட்டம் என்றால் வட்டத்துக்கு மட்டும்தான் என்று இத்தனை வயசுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். எந்தப் புள்ளிக் கூட்டத்துக்கும் விட்டம் உண்டாம். கூட்டத்திலிருந்து இரண்டு இரண்டு புள்ளியாக எடு. இடையில் எவ்வளவு தூரம் என்று பார். எல்லாவற்றிலும் பெரிய தூரம் எதுவோ, அதுதான் அந்தக் கூட்டத்தின் விட்டம். வட்டமாக நிற்க வேண்டியதில்லை. தரையில் கொட்டின பயறானாலும் சரி.

சரி என்று தட்டில் ஐந்து பயறு போட்டு நூல் பிடித்து அளந்தேன். நாலு ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஒன்று தட்டின் ஓரத்துக்கு ஓடிப்போயிருந்தது. அந்த ஒன்றால் கூட்டத்துக்கே விட்டம் பெரிதாகிவிட்டது. நாலு பேர் ஒற்றுமையாக இருப்பதற்கு மதிப்பே இல்லையா?

அவர் எட்டிப் பார்த்தார். "பயறு பொறுக்கறியா, பாடம் படிக்கிறியா?"

"ரெண்டும்தான்."

"அப்ப ராத்திரி சாப்பாடு ரெண்டுங்கெட்டானா வரும்னு சொல்லு."

மார்ச் 7, வெள்ளி

அந்தத் தட்டை மறக்க முடியவில்லை.

எங்கள் கூட்டத்திலும் ஐந்து புள்ளி. நான், அவர். அடுத்த தெருவில் பெரியவனும் மருமகளும். ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் சின்னவள், இன்னொரு ஊரில், கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். யாரையும் யாரோடும் சேர்த்து அளக்கலாம், பயமில்லை. பெரியவனையும் சின்னவளையும் தவிர.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது ஆரம்பித்தது. அறுவை சிகிச்சைக்கு அவளால் வர முடியவில்லை, பரீட்சை நடத்திக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி நடையில் வைத்தே அவன் சொன்னான்: "விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?" அவளும் சும்மா இருக்கவில்லை. "பக்கத்துல இருக்கறதாலயே நீ பெரிய ஆளாயிட மாட்டே." அவ்வளவுதான். அதன்பிறகு அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எழுந்து, நடந்து, இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார். அந்த இரண்டு வாக்கியம் மட்டும் இன்னும் படுக்கையிலேயே கிடக்கிறது.

இப்போது அவளுக்குக் கடல் தாண்டி வேலை வந்திருக்கிறது. மே முதல் வாரம் கிளம்ப வேண்டும். மூன்று வருஷ ஒப்பந்தம். இப்படியே போய்விட்டால் இது இப்படியே இறுகிவிடும். கடவுளே, எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவள் போகட்டும், நன்றாக இருக்கட்டும். பேசிவிட்டுப் போகட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சின்னவளோடு போன். ஞாயிறு காலை எங்களுக்கு வகுப்பு. நான் சந்தேகம் கேட்பேன், அவள் சிரிக்காமல் சொல்வாள். (சிரிப்பாள், ஆனால் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு.)

"விட்டம்னா நடுவுல ஒரு புள்ளி இருக்கணுமே? அதைத் தொட்டுக்கிட்டுத்தானே கோடு போகணும்? இந்தப் பயறுக் கூட்டத்துக்கு நடு எங்க இருக்கு?"

"நடு வேண்டாம்மா. வட்டத்துக்கு நடு இருக்கு, அது வட்டத்தோட அதிர்ஷ்டம். பொதுவா விட்டத்துக்கு நடு தேவையே இல்லை. ரெண்டு ரெண்டு பேரா எடுத்து அளக்கணும், அவ்வளவுதான்."

"நடுவே இல்லாத கூட்டமா?"

"மூணு பேர் முக்கோணமா நின்னா நடுவுல யாரு இருக்கா?"

எனக்கு ஒப்பவில்லை. நடு இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

பெரியவன் வேலைக்குப் போகும் வழியில் டீ குடிக்க வந்தான். தங்கை வெளிநாடு போவதைச் சொன்னேன். முகத்தைக் கழுவித் துடைத்தபடியே, "போறாளா? போகட்டும். இங்க இருந்து மட்டும் என்ன கிழிச்சா" என்றான்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன்: "அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம். அங்க குளிரும், கம்பளி எடுத்துக்கச் சொல்லுன்னான்."

"கம்பளின்னு அவன் வாயால சொன்னானா?"

"சொல்ற மாதிரிதான் இருந்தது."

இது பொய்க் கணக்கில் சேருமா, தெரியவில்லை. பிரார்த்தனையில் கேட்டுக்கொண்டேன், மெருகு என்று எடுத்துக்கொள் ஆண்டவனே என்று. இரண்டு பேருமே எனக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறார்கள். இந்தக் கையில் ஒருவர், அந்தக் கையில் ஒருவர். நான் நடுவில் நிற்பதால்தான் இந்த அளவுக்காவது சேர்ந்திருக்கிறது.

மார்ச் 15, சனி

கடவுள் கதவைத் திறந்திருக்கிறார். அதுவும் குழாய் வழியாக.

சின்னவள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே பைப் விரிசல் விட்டுவிட்டதாம். துணி சுற்றி, வாளி வைத்திருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரர் ஊரில் இல்லை. அங்கே ஒரு பிளம்பர் வருகிறேன், வருகிறேன் என்று சொல்லி இன்னும் வந்துகொண்டே இருக்கிறாராம்.

"பைப்புக்காரன் வீட்டுப் பொண்ணு, வெளியாளை எதுக்குடீ கூப்பிடறே? அண்ணன்கிட்ட சொல்றேன், சாமான் அனுப்புவான்."

"வேண்டாம்மா."

"நீயா கேட்கப்போறே? நான்தானே கேட்கறேன்."

வாளியில் சொட்டும் சத்தம் எனக்கே கேட்டது. "சரி" என்றாள்.

எங்கள் வீட்டில் மூத்த பிளம்பர் அவர்தான். அவர் தொழிலைத்தான் பெரியவன் பார்க்கிறான். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரே தீர்த்துவிடுவார். எனக்குத் தீர வேண்டியது பைப் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து இரண்டு போனுக்கும் நடுவே நான்தான். வாய் வலிக்கிறது, மனசு வலிக்கவில்லை.

பெரியவன் முதலில் முறுக்கிக்கொண்டான். "ஏன், அந்த ஊர்ல கடையே இல்லையா?" என்றான். ஆனால் ஒரு பைப் ஒழுகுகிறது என்று கேட்டுவிட்டு அவனால் சும்மா இருக்க முடியாது, அப்பா பிள்ளை. அரைமணி கழித்து அவனே கூப்பிட்டான்.

"எந்த இடத்துல விரிஞ்சிருக்கு? வளைவிலயா, நேர் பைப்லயா?"

கேட்டுச் சொன்னேன். நேர் பைப்பில்.

"விரிஞ்ச இடத்தை நேரா அறுத்து எடுக்கச் சொல்லு. ரெண்டு முனைக்கும் மேல மாட்டற மாதிரி கப்ளிங் அனுப்பறேன். விட்டம் என்னன்னு கேளு."

கேட்டேன். அங்கே கிடந்த அதே பைப்பின் மிச்சத் துண்டில் அவள் ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். "இருபது மில்லிமீட்டர்மா. ஒரு முடி கூட இருக்கும்."

அவனிடம் சொன்னேன்.

"வெளிவிட்டம்தானே?"

ஆமாம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது. மறுபடி அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவன் நல்ல மனசில் இருந்தான், அது கலைந்துவிடுமோ என்று பயம். அதுவும் தவிர, மனுஷி பைப்புக்கு வெளியே நின்றுதானே அளந்திருப்பாள்? இரண்டு வாரமாக விட்டம் படிக்கிறேன். ஒரு வட்டத்துக்கு ஒரு விட்டம். இதில் உள்ளே என்ன, வெளியே என்ன.

சாயங்காலமே பார்சல் போட்டுவிட்டான். ரசீதைக் காட்டினான். பெறுபவர் இடத்தில் தங்கையின் பேரை அவன் கையால் எழுதியிருக்கிறான். ரசீதை வாங்கிக் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

சேரவில்லை!

பைப்பை அறுத்து எடுத்துவிட்டு, பார்சலைப் பிரித்து, கப்ளிங்கை மாட்டப் பார்த்திருக்கிறாள். மாட்டவே மாட்டாதாம். குழந்தையின் சட்டையைப் பெரியவங்களுக்குப் போட்டுவிடுவது போலாம். இப்போது துணி சுற்றவும் பைப் இல்லை. வால்வும் சரியாக மூடாமல் தண்ணீர் கீழ்வீட்டுச் சமையலறையில் இறங்கிவிட்டது. கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து நன்றாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"வேணும்னேதான் அனுப்பியிருக்கான்மா. நான் திண்டாடணும்னு."

நான் பெரியவனிடம் ஓடினேன். அவன் ஒரே கேள்வி கேட்டான்: "ஸ்கேலை எங்க வச்சு அளந்தா? பைப் வாய்க்குள்ளயா?"

அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆமாம். வாயின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை. உள்ளே.

"அது உள்விட்டம். சுவர் கனத்தைச் சேர்த்தா வெளிய இருபத்தஞ்சு. கப்ளிங் வெளியதானே மாட்டும்? வெளிவிட்டமான்னு கேட்டேனே! கணக்கு வாத்தியாரம்மாவுக்கு ஒரு பைப் அளக்கத் தெரியலை!"

"டேய், அன்னிக்கு அவளை நான் கேட்கவே இல்லைடா. ஆமாம்னு சொன்னது நான்."

என்னையே பார்த்தான்.

"புத்தகத்துல வட்டத்துக்குக் கனம் கிடையாதுடா" என்றேன். அழுகை வந்துவிட்டது, அதோடு சிரிப்பும் வந்துவிட்டது, கண்றாவி.

"ஒரு வார்த்தை அவளையே நேரா கேட்டிருந்தேன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"கேட்டிருக்கலாமே" என்றேன். யார் வீட்டிலோ மோட்டார் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவளிடமும் உண்மையைச் சொன்னேன். நம்பினாளா, அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தாளா, தெரியவில்லை. மெருகு போட்டுப் போட்டு, வெறும் உண்மையைச் சொன்னாலும் அதுவும் மெருகு மாதிரியே கேட்கிறது.

மார்ச் 21, வெள்ளி

மறுபடி தட்டும் பயறும்.

புத்தகத்தில் ஒரு சின்ன வரி இருக்கிறது. சின்னவள் அதற்குக் கோடுகூடப் போடவில்லை, அவ்வளவு சுலபம் போல. ஒரு கூட்டத்தில் புதிதாக ஒரு புள்ளியைச் சேர்த்தால் விட்டம் கூடலாம். அப்படியே இருக்கலாம். குறையவே குறையாது.

இரண்டு பயறைத் தட்டின் இரண்டு ஓரத்தில் வைத்தேன். அளந்தேன். நடுவில் ஒரு பயறு வைத்தேன். அளந்தேன். நடுப்பயறுக்கு இரண்டு பேரும் பாதி தூரம்தான், அதற்கு என்ன குறை, இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. ஆனால் ஓரத்துக்கும் ஓரத்துக்கும் இருந்த தூரம்? நூல் அதேதான். ஒரு நூலிழை குறையவில்லை.

அதாவது நான் அங்கே நின்றதில் எனக்குத்தான் கிட்டம்.

இன்னொன்றும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தூரம் என்று எதைச் சொன்னாலும் அது ஒரு விதிக்குக் கட்டுப்பட வேண்டும்: மூன்றாவது ஆள் வழியாகச் சுற்றிப் போகிற தூரம், நேரே போகிறதைவிடக் குறைவாக இருக்க முடியாது. முதலில் படித்தபோது, இதை ஒரு விதி என்று எழுத வேண்டுமா, சின்னக் குழந்தைக்கும் தெரியுமே என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மார்ச் 22, சனி

இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டேன்.

"உங்களுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா நேராவே சொல்லிக்குங்க. நான் தபால் ஆபீஸை மூடிட்டேன்."

பெரியவன்: "நான் எப்ப உன்னைச் சொல்லச் சொன்னேன்?"

சின்னவள்: "நான் எப்பம்மா உன்னைக் கேட்கச் சொன்னேன்?"

ஒரே மாதிரி பேசுகிறதுகள். அண்ணன் தங்கை இல்லையென்று யார் சொல்வது.

மார்ச் 24, திங்கள்

ஒன்றும் இல்லை.

மார்ச் 26, புதன்

சின்னவள் போனில் நெடுநேரம் பேசினாள். விசா வந்துவிட்டது. கட்டில், மேஜை எல்லாம் யாருக்கோ கொடுக்கிறாள். தண்ணீரைப் பக்கத்து வீட்டிலிருந்து பிடித்துக்கொள்கிறாளாம். "பைப்?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 29, சனி

பயமாக இருக்கிறது. நான் விலகியதும் இரண்டு பேரும் நேருக்கு நேர் வருவார்கள் என்று ஒரு நினைப்பு. வராவிட்டால்? ஒட்டுப்போட்ட நூலாவது இருந்தது, அதையும் நானே அறுத்துவிட்டேனா? அவள் போய் மூன்று வருஷம். அவன் பிடிவாதக்காரன். அவள் அவனுக்கு மேல். ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வீட்டை நடத்துகிற பைத்தியக்காரி உண்டா? பயறை வச்சு பிள்ளைங்களை அளப்பாங்களா? எனக்கு என்ன ஆச்சு?

பிரார்த்தனையில் வார்த்தை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் வார்த்தை தேவைப்படாது, கடவுளைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இந்த வீட்டு மனுஷருக்கு என்னைவிடப் பொறுமை கம்மி. பைப் கதையை இப்போதுதான் அவரிடம் சொன்னேன். முதலில், "வெளிவிட்டம் உள்விட்டம் தெரியாம முப்பது வருஷம் ஒரு பிளம்பரோட குடும்பம் நடத்தியிருக்கே" என்று மூச்சுவிடாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நீ ஒரு வார்த்தை சொல்லேன் அவன்கிட்ட."

"மாட்டேன்."

"நான் சொல்லவா?"

"நீங்க நடுவுல போய் நின்னாலும் அதே கணக்குதான்."

"என்ன கணக்கு?"

தட்டை எடுத்து வந்து காட்டினேன். நூல் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஓரத்துப் பயறு ஒன்றை விரலால் மெல்ல மற்றதை நோக்கித் தள்ளினார்.

"இப்ப குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது. ஆனா தள்ளினது நீங்க. அது தானா நகரணும்."

"பயறு எப்படிம்மா தானா நகரும்?" என்றார். கேலிக்குக் கேட்கவில்லை. குரல் வேறு மாதிரி இருந்தது. அவரால்தான் இவர்கள் சண்டை போட்டார்கள் என்று ஒரு நினைப்பு அவருக்குள்ளே இருக்கிறது, ஏணியிலிருந்து இவர் வேண்டுமென்றே விழுந்தது போல. கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தட்டிலிருந்த பயறுதான் ராத்திரிச் சமையலுக்கு.

ஏப்ரல் 5, சனி

காலையில் மருமகள் வந்தாள். "அத்தை, அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"என்னத்தை?"

"ராத்திரி வண்டில கிளம்பிட்டாரே. டூல்ஸ் பையைத் தூக்கிட்டு. ரெண்டு நாள்ல வரேன்னார். எங்கன்னு கேட்டா, ஒரு பைப் வேலைங்கறார். பைப் வேலைக்கு ரயில்ல போவாங்களா அத்தை?"

"எந்தப் பக்கம் போற வண்டி?"

சொன்னாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "உட்காரும்மா, டீ போடறேன்" என்றேன். டீத்தூளுக்குப் பதில் வேறு எதையோ போட்டுவிட்டேன். அவளும் குடித்துவிட்டாள்.

போன் செய்யவில்லை. நாள் முழுக்க இரண்டு கையையும் எதற்குள்ளாவது மாட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அலமாரி நாலு தட்டும் துடைத்தாயிற்று.

ஏப்ரல் 7, திங்கள்

பெரியவன் வந்துவிட்டான். பையை வாசலில் வைத்துவிட்டு நேரே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. மூன்று வாய் சாப்பிட்ட பிறகு அவனே ஆரம்பித்தான்.

"அவதான் முதல்ல கூப்பிட்டா."

"ம்."

"எதுக்குத் தெரியுமா? திட்டறதுக்கு. எடுத்தவுடனே, 'ஏன்டா, கீழ்வீட்டுக்காரி என்னைக் கொலைகாரி மாதிரி பாக்கறா, உன்னாலதான்'னா. நான், 'உள்ள அளந்துட்டு வெளிய பேசறியே, நீயெல்லாம் வாத்தியாரா'ன்னேன். ரெண்டு பேரும் கத்துனோம் பாரு, பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சுப் போயிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எவ்வளவு நேரம் கத்தறது. அறுத்த முனையைத் துணியால நீ எப்படி அடைச்சு வச்சேன்னு கேட்டேன். சொன்னா. கேட்கவே சகிக்கலை. வரேன்னுட்டேன்."

இன்னும் இரண்டு வாய்.

"தொட்டிக்கு அடில படுத்துக்கிட்டு வேலை செய்யறேன். அவதான் டார்ச் பிடிச்சா. முகம் தெரியாது பாரு, அடில. ஆஸ்பத்திரில பேசுனது தப்பு குட்டின்னு சொன்னேன்."

சின்னவளைக் குட்டி என்று அவன் கூப்பிட்டுக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

"அவ என்ன சொன்னா?"

"டார்ச்சை நேரா பிடிக்க மாட்டேங்கறா. வெளிச்சம் இங்க ஆடுது, அங்க ஆடுது. எனக்குப் பைப்பே தெரியலை. ஏய், அழறதா இருந்தா டார்ச்சைக் கீழ வச்சுட்டு அழுன்னேன்."

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். அவனுக்காக இங்கேயே காத்திருந்த மருமகள் தண்ணீர் எடுக்கப் போனாள், சொம்பு நிறைய இருக்கும்போதே.

"அப்புறம் என்னடா பேசினீங்க?"

"அதெல்லாம் எங்களுக்குள்ளம்மா" என்றான்.

எங்களுக்குள்ள! சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு பாத்திரம் கழுவும்போது அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சின்னவள் வகுப்பு. எனக்குத் தலைகீழாக ஒரு சந்தேகம்: ஒரே ஒரு புள்ளி உள்ள கூட்டத்துக்கு விட்டம் என்ன?

"பூஜ்யம்மா. அளக்க வேற ஆளே இல்லையே."

"அப்ப தனியா இருக்கறவங்களுக்கு சண்டையே இல்லை."

"சண்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றாள். "இங்க வீடு காலி பண்ணிட்டு வெறும் தரையில உட்கார்ந்திருக்கேன். விட்டம் பூஜ்யம். நல்லாவே இல்லை."

27ஆம் தேதி வருகிறாள். இங்கிருந்தே விமானம் ஏறுவாள்.

ஏப்ரல் 28, திங்கள்

வீடு இரண்டாகிறது.

பெட்டி கட்டுகிறார்கள். தங்கை அடுக்குவது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, அண்ணன் அடுக்குவது தங்கைக்குப் பிடிக்கவில்லை. நான் சமையலறையை விட்டு வெளியே போகவே இல்லை. காது மட்டும் போயிற்று.

"புஸ்தகத்தை அடில போடு. கனமானது அடில."

"பெட்டியை நிறுத்தினா அடி எதுடா? பக்கவாட்டுத்தானே அடி?"

"வந்துட்டாங்க வாத்தியாரம்மா. கம்பளி எங்க? எடுத்துக்கோ."

"கம்பளியா? ஆமா, அதென்ன கம்பளி கதை? மார்ச்லயே சொன்னியாமே, கம்பளி எடுத்துக்கச் சொல்லுன்னு?"

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

ஐயோ கடவுளே என்று அடுப்பைத் தணித்தேன்.

"அம்மா சொன்னாங்க."

"என்கிட்ட வேற ஒண்ணு சொன்னாங்க. என் உடம்பைப் பாத்துக்கச் சொன்னியாமே, வெயில்ல மாடி ஏற வேண்டாம்னு?"

"உன் உடம்பா? சத்தியமா இல்லை!"

பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். போன வருஷத்தது, அதற்கு முந்தினது. அவன் பிறந்தநாளுக்கு அவள் சொன்ன வாழ்த்து, அவள் பதவி உயர்வுக்கு இவன் பட்ட சந்தோஷம். ஒன்றுகூட நடக்கவில்லை. எல்லாம் என் கைவேலை.

"நீ அனுப்பின பேச்சு எல்லாம் எவ்வளவு மரியாதையா இருந்தது தெரியுமா? அப்பவே எனக்கு சந்தேகம்தான்" என்றான் அவன்.

"எனக்கும்டா. இவன் இவ்வளவு நல்லவனா, அப்புறம் ஏன் பேச மாட்டேங்கறான்னு இன்னும் கோபம் வந்தது."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே குரலில் "அம்மா!" என்று கூப்பிட்டார்கள். நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை, சும்மா ஓடியது.

மே 3, சனி

நாளை மறுநாள் கிளம்புகிறாள். எனக்குப் புதிதாக ஒரு புத்தகம் வாங்கி வந்திருக்கிறாள், இதற்கடுத்த வகுப்பு. முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: "மெதுவா படி. அவசரம் யாருக்கு?"

மே 5, திங்கள்

போய்விட்டாள்.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுவரை எல்லோரும் போனோம். அண்ணனும் தங்கையும் கடைசிவரை பெட்டியின் எடையைப் பற்றியே சண்டை. என்னைக் கட்டிக்கொண்டாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள், அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அவனிடம் மட்டும் கையை நீட்டினாள். அவன் கையைக் கொடுக்காமல் தலையில் ஒரு குட்டு வைத்தான். வாங்கிக்கொண்டு போனாள்.

எங்கள் கூட்டத்தின் விட்டம் ரயில் தூரத்திலிருந்து கடல் தூரமாகிவிட்டது. மைல் கணக்கில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. எந்தத் தூரத்தை அளக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று புத்தகமே சொல்கிறது.

மே 6, செவ்வாய்

மதியம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போன் வரவில்லை.

அவர் மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். சின்னவளின் புது நம்பருக்குப் போட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. சரி, பெரியவனுக்காவது ஏதாவது தெரியுமா என்று அவனுக்குப் போட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி அவளுக்கு. அதே பதில். அவனுக்கு. அதே பதில்.

"என்னவாம்?" என்றார்.

"ரெண்டு பேருமே பேசிட்டிருக்காங்க."

"யாரோட?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். "இன்னொரு தடவை போட்டுப் பாரேன்" என்றார், ஆனால் சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

"வேண்டாம். பேசட்டும்."

சாயங்காலம்வரை எங்களை யாரும் கூப்பிடவில்லை. நான் பாயைப் போட்டுப் படுத்து, நன்றாகத் தூங்கினேன்.